சிங்கப்பூர்ச் சூட்டில் வாசனை மெழுகுக் கட்டி: மேலே எண்ணெய் பூப்பதும் மணம் வராததும் ஏன்?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இது. சோயா மெழுகை உருக்கி, மல்லிகை வாசனை எண்ணெய் கலந்து, திரி இல்லாத சின்னக் கட்டிகளாக வார்த்தீர்கள். இரண்டே நாளில் மேலே எண்ணெய் முத்து முத்தாகப் பூத்துவிட்டது. தொட்டால் விரல் பிசுபிசுக்கிறது. கட்டியைச் சூடாக்கி உருக்கும் விளக்கில் வைத்தாலோ மணமே இல்லை. தீபாவளிக்கு நாலு வீட்டுக்குக் கொடுக்க வேண்டும், அடுத்த முறை எண்ணெயைக் கூட்டிப் பார்க்கலாமா?

கூட்ட வேண்டாம். மேலே பூத்து நிற்பதே மெழுகு ஏற்றுக்கொள்ளாத எண்ணெய்தான். இன்னும் ஊற்றினால் இன்னும் பூக்கும். குறை வேறு மூன்று இடத்தில் இருக்கிறது: நம் ஊர்ச் சூட்டுக்கு ஏற்ற மெழுகு இல்லை, எண்ணெயை எடை போட்டு ஊற்றவில்லை, கட்டி ஊற நாள் கொடுக்கவில்லை. இவற்றைச் சரிசெய்தால், இப்போது ஊற்றுவதைவிடக் குறைந்த எண்ணெயிலேயே வீடு மணக்கும்.

முதலில் மெழுகு. ‘சோயா மெழுகு’ என்ற ஒரே பெயரில் இரண்டு வகை விற்கிறார்கள். ஒன்று கண்ணாடிக் குவளையில் ஊற்றும் மெழுகுவத்திக்கானது. மிருதுவாக இருக்கும், ஏறக்குறைய 46 முதல் 49 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். மற்றது தூண் மெழுகுவத்திக்கும் வாசனைக் கட்டிக்கும் ஆனது. கடினமாக இருக்கும், 50 டிகிரி தாண்டித்தான் உருகும். குளிர் நாட்டுக்காரர்கள் எழுதிய செய்முறைகள் பலவற்றில் முதல் வகைதான் இருக்கும், அங்கே அது நன்றாகவே இறுகி நிற்கும். இங்கே பிற்பகலில் 31, 32 டிகிரி. மேற்குப் பார்த்த ஜன்னல் ஓரம் இன்னும் சூடு. 47 டிகிரியில் உருகும் மெழுகு அந்தச் சூட்டில் உருகாது, ஆனால் இளகும். சோயா மெழுகு ஒரே பொருளல்ல, பல கொழுப்புகள் சேர்ந்த கலவை. அதில் மிருதுவானவை முன்னதாக இளகும்போது, இடுக்குகளில் ஒட்டியிருந்த வாசனை எண்ணெய் வெளியே வந்துவிடுகிறது. மெழுகு ‘வியர்க்கிறது’ என்பது இதைத்தான்.

பூத்திருப்பது எண்ணெய்தானா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். குளிர்சாதன அறையில் இருந்த கட்டியைக் கூடத்துக்குக் கொண்டுவந்தால், காற்றின் ஈரமே அதன்மேல் நீர் முத்தாகப் படியும். ஒரு டிஷ்யூ தாளை முத்தின்மேல் ஒற்றி எடுத்து, சிறிது நேரம் உலரவிட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சுவடில்லாமல் காய்ந்துவிட்டால் தண்ணீர். வடை வைத்த தாளைப் போல ஒளி ஊடுருவும் கறை நின்றால் எண்ணெய். தண்ணீர் என்றால் துடைத்துவிட்டுப் பயன்படுத்தலாம். எண்ணெய் என்றால்தான் கீழே சொல்வது தேவைப்படும்.

புதிதாக வாங்குவதானால் தூண் அல்லது கட்டி வகைச் சோயா என்று கேட்டு வாங்குங்கள். உருகுநிலை பொட்டலத்திலோ விற்பவரின் விவரத் தாளிலோ இருக்கும். இருக்கும் மிருதுவான மெழுகைத் தூக்கிப் போடவும் வேண்டாம், தேன்மெழுகு சேர்த்துக் கடினமாக்கலாம். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகும். 340 கிராம் சோயாவுக்கு 60 கிராம், அதாவது மொத்தத்தில் 15 விழுக்காடு போதும். மஞ்சள் நிறத் தேன்மெழுகில் தேன் வாடை இருக்கும், மல்லிகையோடு மோதும், அதனால் சுத்திகரித்த வெள்ளைத் தேன்மெழுகே நல்லது. 20 விழுக்காட்டைத் தாண்டாதீர்கள். கட்டி இறுகிப்போய் மணம் வெளியே வரத் தயங்கும். தேன்மெழுகு கிடைக்காவிட்டால் ஸ்டியரிக் அமிலம் 3 விழுக்காடு, 400 கிராமுக்கு 12 கிராம் சேர்க்கலாம். பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மெழுகான பாராஃபினைப் பற்றிப் பலருக்குத் தயக்கம் உண்டு. ஆனால் மணத்தை வலுவாக வீசுவதிலும் சீக்கிரம் பக்குவமாவதிலும் அது சோயாவை மிஞ்சும். திரி வைத்து எரிக்காமல் உருக்க மட்டும் செய்வதால் இங்கே புகை, கரி என்ற பேச்சும் இல்லை. சோயாவும் பாராஃபினும் பாதிப் பாதி கலந்தால் இந்த ஊருக்கு நன்றாகவே தாங்கும்.

அடுத்தது எண்ணெய். அதிகம் ஏமாறுவது இங்கேதான். மெழுகுவத்திக்கென்றே விற்கும் வாசனை எண்ணெய்தான் வேண்டும். நீராவிப் புகை விடும் மின்கருவிக்கான எண்ணெயில் சில தண்ணீரில் கலக்கும்படி செய்தவை, அவை மெழுகில் கலக்காது. உடம்பில் அடிக்கும் சென்ட்டில் பெரும்பகுதி ஆல்கஹால். சூடான மெழுகில் ஊற்றினால் ஆவியாகித் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. அராப் ஸ்திரீட் கடைகளில் கிடைக்கும் ஆல்கஹால் இல்லாத அத்தர் நல்ல மணம்தான், ஆனால் அத்தர்களில் சிலவற்றை டைபுரொப்பிலீன் கிளைக்கால் என்ற கரைப்பானை விட்டுத் தளர்த்தியிருப்பார்கள். அதுவும் மெழுகோடு சேராமல் அடியில் தங்கும். எதை வாங்கினாலும் சோதனைக்கு 20 கிராம் மெழுகை உருக்கி, சூடு தாங்கும் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, 1 கிராம் எண்ணெய் விட்டு இரண்டு நிமிடம் கிளறுங்கள். உருகிய மெழுகு தெளிவாக நின்றால் சேரும். மங்கலாகிவிட்டாலோ அடியில் துளி உருண்டாலோ அந்த எண்ணெய் இந்த வேலைக்கு ஆகாது.

உண்மையான மல்லிகைச் சாறு மிக விலை கூடியது. விற்பது பெரும்பாலும் வேதிமுறையில் சேர்த்த கலவைதான், அதில் தவறில்லை. தேக்காவில் சரமாகத் தொங்கும் குண்டு மல்லி மணம் வேண்டுமானால் ‘சம்பாக்’ (sambac) என்று போட்டிருப்பதைத் தேடுங்கள். வெறும் ‘ஜாஸ்மின்’ என்றால் பெரும்பாலும் பிச்சிப்பூவின் சாயல், சற்றுப் பழவாசனையோடு இருக்கும். மல்லிகைக்கு அந்த ஆழத்தைத் தருவது இண்டோல் என்ற பொருள். அளவோடு இருந்தால் இரவில் மலர்ந்த பூ, மிஞ்சினால் அந்துருண்டை வாடை. மல்லிகையில் அளவைக் குறைக்கச் சொல்வது இதனால்தான். இண்டோல் நாளடைவில் கட்டிக்கு இளம்பழுப்பு நிறமும் கொடுக்கும். வெனிலின் இருக்கும் வெனிலா, பாண்டான் வகை வாசனைகளும் அப்படியே பழுப்பாக்கும். மணத்துக்குக் குறைவில்லை, வெள்ளையாகவே இருக்க வேண்டும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

உதிரி மல்லிகையை மெழுகில் போடலாமா என்று கேட்பவர்கள் நிறையப் பேர். வேண்டாம். இதழில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர். சூட்டில் வெந்து பழுப்பாகும், நாலு நாளில் பூஞ்சை பிடிக்கும், மணம் மெழுகுக்குள் இறங்கவும் செய்யாது. சந்தனப் பொடியும் சாம்பிராணிக் கட்டியும் மெழுகில் கரையாமல் அடியில் மண்டியாகத் தங்கும், அந்த வாசனையை எண்ணெயாக வாங்குங்கள். கற்பூரம் கூடவே கூடாது. எளிதில் தீப்பற்றும், குழந்தை வாயில் போட்டால் நஞ்சு.

அளவை ஸ்பூனிலோ மில்லிலிட்டரிலோ பார்க்காதீர்கள். ஒவ்வொரு எண்ணெயும் ஒவ்வொரு கனம். 0.1 கிராம் காட்டும் டிஜிட்டல் தராசு வேண்டும். மெழுகின் எடையில் இத்தனை விழுக்காடு என்று கணக்கிடுவதே வழக்கம். பொதுவாக 6 முதல் 10 வரை. மல்லிகை போன்ற கனத்த பூ வாசனைக்கு 6 போதும், சந்தனம் போன்றவற்றுக்கு 8 வரை போகலாம். 10 என்பது பல சோயா மெழுகுகளின் எல்லை. அங்கே போய் நின்றால் இந்த ஊர் ஈரமும் சூடும் நிச்சயம் வியர்க்க வைத்துவிடும். 400 கிராம் மெழுகுக்கு 6 விழுக்காடு 24 கிராம். அதில் மல்லிகை 14, சந்தனம் 8, சாம்பிராணி வாசனை எண்ணெய் 2 என்று பிரித்தால் மல்லிகை முன்னே வந்து, சந்தனம் அதைப் பிடித்து நிறுத்தும். எலுமிச்சை, ஆரஞ்சு எண்ணெய்கள் சூடுபட்டதும் முதலில் பறந்துவிடும், அவற்றை மட்டும் நம்பி ஒரு தொகுதி செய்யாதீர்கள். விற்பவரிடம் இஃப்ரா (IFRA, அனைத்துலக வாசனைப் பொருள் சங்கம்) சான்றிதழ் கேட்டு வாங்கினால், மெழுகுவத்தி, அறை மணமூட்டி அடங்கிய 12ஆம் பிரிவில் அந்த எண்ணெயின் உச்ச அளவு இருக்கும்.

வார்த்து வைத்ததை வீணாக்க வேண்டாம், எடைக் கணக்கால் மீட்டுவிடலாம். 300 கிராம் மெழுகில் 45 கிராம் ஊற்றியிருந்தால் அது 15 விழுக்காடு. அதே 45 கிராமை 8 விழுக்காட்டுக்குக் கொண்டுவர மொத்த மெழுகு ஏறக்குறைய 560 கிராம் வேண்டும். எல்லாவற்றையும் திரும்ப உருக்கி, 260 கிராம் கடின மெழுகு சேர்த்துவிடுங்கள். மேலே பூத்ததை நிறையத் துடைத்து எறிந்திருந்தால் கணக்கு தப்பும், அப்போது 200 கிராம் சேர்த்து ஒரே ஒரு கட்டி வார்த்துப் பார்த்துவிட்டு மற்றதைச் செய்யுங்கள்.

இனி வார்க்கும் முறை. சமையலுக்குத் திரும்பப் பயன்படாத ஒரு எவர்சில்வர் ஜக்கை இதற்கென ஒதுக்குங்கள். அகலமான பாத்திரத்தில் நாலு விரற்கடை தண்ணீர் விட்டு, அடியில் ஒரு பிரிமனையோ இட்லித் தட்டோ வைத்து, அதன்மேல் ஜக். நேரடிச் சூடு படக் கூடாது. தேன்மெழுகு சேர்ப்பதானால் அதை முதலில் உருக்குங்கள், பிறகு சோயாவைப் போடுங்கள். 400 கிராம் உருக 20 நிமிடம் போல ஆகும். தண்ணீர் தளதளவென்று கொதிக்கக் கூடாது. தெறிக்கும் ஒரு துளி மெழுகில் விழுந்தாலும் கட்டியில் அம்மைத் தழும்பு போலக் குழி விழும்.

மெழுகு 80 முதல் 85 டிகிரிக்கு வந்ததும் அடுப்பை அணைத்து, ஜக்கை வெளியே எடுத்து அடியை நன்றாகத் துடையுங்கள். வெப்பமானியின் முனை மெழுகுக்குள் மூழ்க வேண்டும். துப்பாக்கி வடிவக் கருவி மேற்பரப்பை மட்டுமே காட்டும். முன்கூட்டியே கண்ணாடிக் கிண்ணத்தில் எடை போட்டு வைத்த எண்ணெயை ஊற்றுங்கள். தெர்மாக்கோல் குவளை வேண்டாம், வாசனை எண்ணெய் அதைக் கரைத்து ஓட்டை போட்டுவிடும். மேசைப் பாலிஷையும் தின்னும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் நீர்க்காத எண்ணெய் தோலை எரிக்கும். ஊற்றிய பின் இரண்டு நிமிடம், கடிகாரம் பார்த்து, மெதுவாகக் கிளறுங்கள். அடியையும் ஓரத்தையும் வழித்துக் கிளற வேண்டும். வேகமாக அடித்தால் காற்றுக் குமிழி சேரும். 65 டிகிரிக்கும் கீழே ஆறிப்போன மெழுகில் எண்ணெய் ஊற்றினால் முழுதாகக் கலக்காமல் பிறகு பிரிந்து நிற்கும். உங்கள் தொகுதி அதனாலும் வியர்த்திருக்கலாம்.

எண்ணெய்ப் புட்டியில் ஃபிளாஷ் பாயிண்ட் 65 டிகிரி என்று போட்டிருந்தால், 80 டிகிரி மெழுகில் ஊற்றினால் வாசனையெல்லாம் எரிந்துவிடும் என்று சொல்வார்கள். அது தவறு. அந்த எண், எண்ணெயின் ஆவி நெருப்புப் பட்டால் பற்றிக்கொள்ளும் வெப்பநிலை. சேமிக்கவும் அனுப்பவும் உதவும் கணக்கு அது, மணம் பறந்துபோகும் வெப்பநிலை அல்ல. அதற்காகவே, ஊற்றும் இடத்தில் திறந்த தீ எரியக் கூடாது. மின் அடுப்பு இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

கலந்ததும் 60, 65 டிகிரிவரை ஆறவிட்டு அச்சில் ஊற்றுங்கள். தேன்மெழுகு சேர்த்தது 65இல் இருக்கட்டும், அதற்குக் கீழே போனால் ஓரம் முன்னதாக உறைந்து கோடு விழும். ஆறு குழி உள்ள மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் அதைவிடச் சூடாக ஊற்றினால் பெட்டி வளைந்துவிடும். சிலிக்கோன் அச்சு இன்னும் தாங்கும். 424 கிராம் கலவை, 70 கிராம் கொள்ளும் பெட்டி ஆறை நிரப்பும். ஊற்றும்போது மின்விசிறியையும் குளிர்சாதனத்தையும் நிறுத்துங்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும். குளிர்காற்று நேராகப் பட்டால் மேல்பகுதி முன்னதாக இறுகி விரிசல் விடும், நடுவில் பள்ளம் விழும். பள்ளத்தை முடி உலர்த்தியின் சூடான காற்றால் ஒரு நிமிடம் காட்டிச் சமன் செய்யலாம். அவசரப்பட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால், வெளியே எடுத்ததும் மேலெல்லாம் நீர் கோத்துக்கொள்ளும்.

வெள்ளையாகப் பூஞ்சை போலப் படர்ந்தால் பயப்பட வேண்டாம். சோயா படிகமாகும்போது அப்படித்தான் படரும், மணத்துக்குக் கேடில்லை. சாயம் போட்டால்தான் அது எடுப்பாகத் தெரியும். சாயம் வேண்டுமானால் மெழுகுக்கான சாயம்தான். கேசரிப் பவுடரும் சமையல் நிறத்துளியும் கொழுப்பில் கரையாது.

கட்டி இறுகியதும் மூடி வைத்து 10 முதல் 14 நாள் விடுங்கள். ஊறுகாயைப் போட்ட அன்றே எடுத்துப் பரிமாறுவதில்லை அல்லவா, இதுவும் அப்படித்தான். பாராஃபினுக்கு இரண்டு மூன்று நாள் போதும், சோயா இறுகி முடிய நாளாகும். உங்கள் கட்டி இரண்டு நாளில் மணக்காததற்கு இதுவே பெரிய காரணம். தீபாவளிக்குக் கொடுப்பதானால் மூன்று வாரம் முன்பே வார்த்துவிடுங்கள், ஒரு தொகுதி கெட்டாலும் மறுபடி செய்ய நாள் இருக்கும். பத்தாவது நாளில் ஒரு கட்டியை உருக்கிப் பாருங்கள். சோதிக்கும்போது அறையிலேயே உட்கார்ந்திருந்தால் மூக்குப் பழகிப்போய் மணம் தெரியாது. 20 நிமிடம் கழித்து வெளியே நடைபாதையில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பி வாருங்கள்.

உருக்கும் விளக்கும் மணத்தைக் கெடுக்கும். சில மின்விளக்குகளில் கிண்ணம் 50 டிகிரியை ஒட்டியே நிற்கும். அவற்றில் கடினமான கட்டி அரைகுறையாக உருகி மணக்காது. அப்படி இருந்தால் தேன்மெழுகை 10 விழுக்காடாகக் குறைத்துப் பாருங்கள். சின்ன மெழுகுவத்தி வைக்கும் மண் விளக்கு இன்னும் சூடாகும், மணம் சீக்கிரம் வீசிச் சீக்கிரம் தீரும். மின்விளக்கு வாங்கும்போது 230 வோல்ட் என்று பார்த்து வாங்குங்கள். அமெரிக்காவிலிருந்து வருவது 120 வோல்ட், இங்கே செருகினால் கருகிவிடும். சென்னையிலிருந்து கொண்டுவருவது மின்னழுத்தத்தில் ஒத்துப்போகும், உருண்டை முனைச் செருகிதான் பொருந்தாது. அதைக் குச்சியால் அழுத்திச் செருகாமல், பாதுகாப்பு முத்திரை உள்ள மாற்றியைப் பயன்படுத்துங்கள். கூடத்துக்கு ஒரு கட்டி, கதவடைத்த குளிர்சாதன அறைக்குப் பாதி. மின்விசிறி நேராக அடிக்கும் இடத்தில் வைத்தால் மணம் ஜன்னலோடு போய்விடும். பூனை வளர்க்கும் வீட்டில் டீ ட்ரீ, யூக்கலிப்டஸ், கிராம்பு எண்ணெய் வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் முதலில் அவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மெழுகில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, எண்ணெய்ச் சட்டியைப் போலவே சீறித் தெறிக்கும். அடுப்பை அணைத்து, தட்டையான மூடியால் மூடி, ஆறும்வரை திறக்காதீர்கள். கைமீறினால் வெளியேறி, தீயணைப்புப் படையை 995இல் அழையுங்கள். உருகும் மெழுகை விட்டுவிட்டுக் கைப்பேசி எடுக்கப் போகாதீர்கள்.

மணம் தீர்ந்த பிறகும் மெழுகு அப்படியே இருக்கும், ஏனெனில் ஆவியாவது வாசனை மட்டும்தான். விளக்கை அணைத்து ஆறவிட்டு, கிண்ணம் தனியே கழன்று வந்தால் உறைபெட்டியில் பத்து நிமிடம் வைத்துத் தட்டினால் கட்டியாக விழுந்துவிடும். தாளில் சுற்றிக் குப்பையில் போடுங்கள். கழுவுதொட்டியில் மட்டும் ஊற்றாதீர்கள், குழாயில் உறைந்து அடைத்தால் அது அடுத்த வீடுகளுக்கும் தலைவலி. ஜக்கையும் சூடாக இருக்கும்போதே தாளால் துடைத்துவிட்டுப் பிறகு கழுவுங்கள்.

பரிசாகக் கொடுக்கும் பெட்டியை ஜன்னல் ஓரத்திலோ வெயிலில் நிற்கும் காரிலோ வைக்காமல், இழுப்பறையில் வையுங்கள். ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் வார்த்த தேதி, மெழுகின் கலவை, எண்ணெயின் விழுக்காடு எழுதி ஒட்டினால் அடுத்த முறை எதை மாற்றுவது என்று தெரியும். முகப்பில் இன்னொன்று கட்டாயம் வேண்டும். தீபாவளித் தட்டில் முறுக்கும் அதிரசமும் இருக்கும் இடத்தில், சதுரமாக, இளஞ்சிவப்பாக, மணக்க மணக்க இருக்கும் மெழுகுக் கட்டி அச்சு அசல் தேங்காய் பர்பிதான். பக்கத்து வீட்டு மலாய், சீனக் குழந்தைகளுக்கும் புரியும்படி, ‘சாப்பிடக் கூடாது’ என்பதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, குறுக்குக் கோடு போட்ட வாய்ப் படத்தையும் ஒட்டுங்கள்.